227: வைரத்தைக் கணக்கிட்ட பெண்கள்

கணினிக்குள் ஒரு வைரத்தைக் கட்ட மூன்று தகவல்கள் போதும். அணு: கரிமம். நீளம்: 3.567. எண்: 227. நீளத்தின் அலகு ஆங்ஸ்ட்ராம், அதாவது ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. இந்த மூன்றையும் தட்டச்சு செய்தால், இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்களே எட்டு அணுக்கள் கொண்ட ஒரு கனசதுரத்தைக் கண்ணிமைக்கும் நேரத்தில் தந்துவிடும். பள்ளி வேதியியல் பாடநூல் இதை அலகுக்கூடு என்கிறது. இந்தக் கூட்டை நீளவாக்கில் மூன்று, அகலவாக்கில் மூன்று, உயரவாக்கில் மூன்று என்று அடுக்கினால் 216 அணுக்கள். ஐந்தைந்தாக அடுக்கினால் 1,000. பத்துப் பத்தாக அடுக்கினால் 8,000. வைரம் வெப்பத்தை எப்படிக் கடத்துகிறது, எந்த அழுத்தத்தில் உடைகிறது, அதன் அணுக்கள் எப்படி அதிர்கின்றன என்று கணினி சிமுலேஷன் மூலம் ஆராய்கிறவர்கள் முதலில் செய்வது இந்த அடுக்குதலைத்தான்.

புள்ளிக் கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இந்த அமைப்பை விளக்குவது எளிது. கோலத்தில் நேர்ப்புள்ளி உண்டு, ஊடுபுள்ளி உண்டு. ஒரு வரிசைப் புள்ளிகளின் நடுவெளியில் அடுத்த வரிசையின் புள்ளிகள் விழுவது ஊடுபுள்ளி. வைரத்திலும் இரண்டு புள்ளித் தொகுதிகள் இருக்கின்றன. முதல் தொகுதி, கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் ஆறு முகங்களின் நடுவிலும் அமர்ந்திருக்கிறது. இரண்டாவது, அதே தொகுதியின் நகல். மூலைவிட்டத்தின் வழியே கால் பங்கு நகர்த்தி வைக்கப்பட்டது. மூலையில் இருக்கும் அணுவை எட்டுக் கூடுகள் பகிர்ந்துகொள்கின்றன, முகத்தில் இருப்பதை இரண்டு கூடுகள். கணக்குப் பார்த்தால் முதல் தொகுதியிலிருந்து ஒரு கூட்டுக்கு நான்கு அணுக்கள், இரண்டாவதிலிருந்து நான்கு. ஆக எட்டு. ஒவ்வொரு கரிம அணுவுக்கும் 1.545 ஆங்ஸ்ட்ராம் தொலைவில் நான்கு அண்டை அணுக்கள். வைரத்தின் உறுதி இந்த நான்கு பிணைப்புகளில் இருக்கிறது.

பாடம் இங்கே முடிந்துவிடுகிறது. அந்த மூன்று தகவல்களும் எங்கிருந்து வந்தன என்று எந்தச் செய்முறைக் கையேடும் சொல்வதில்லை. தேடிப் போனால் பிராக், போர்ன், ராமன், ஃபெர்மி என்று ஆண்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. அந்தப் பெயர்களுக்கெல்லாம் அடியில், எண்களை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டுக் கொடுத்த பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் புகழ்பெற்றார்கள். சிலர் நன்றியுரையின் ஒரு வரியாக நின்றுவிட்டார்கள். ஒருவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் பட்டம் தர மறுத்தது. கணக்குப் போடுவது 'உதவி', கோட்பாடு சொல்வதே 'அறிவியல்' என்ற பிரிவினை எப்படி உருவானது, அது யாருக்கு வசதியாக இருந்தது என்பதை ஒரு வைரக் கூட்டை வைத்தே பார்த்துவிடலாம்.

எண்ணும் நீளமும்

227 என்பது ஒரு அட்டவணை எண். இயற்கையில் படிகங்கள் எத்தனை விதமாக இருந்தாலும், அவற்றின் அணுக்கள் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப அமையக்கூடிய சமச்சீர் வகைகள் 230 மட்டுமே. 1891இல் ரஷ்யாவில் ஃபெதொரோவும் ஜெர்மனியில் ஷோன்ஃபிலீஸும் இதைத் தனித்தனியே நிறுவினார்கள். அப்போது அது வெறும் கணிதம். 1912இல் படிகங்கள் எக்ஸ் கதிர்களைச் சிதறடிக்கும் என்று தெரிந்தது. 1913இல் வில்லியம் ஹென்றி பிராக், லாரன்ஸ் பிராக் என்ற தந்தையும் மகனும் வைரத்தின் அமைப்பைக் கண்டறிந்தார்கள். 1915இல் இருவரும் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார்கள்.

ஆனால் வைரம் எளிமையான படிகம். வேறொரு படிகத்தின் எக்ஸ் கதிர்ப் படம் கைக்கு வந்தால், அது 230இல் எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு ஒவ்வொரு வகையும் எந்தப் புள்ளிகளைத் தோன்றச் செய்யும், எவற்றை மறைக்கும் என்ற பட்டியல் வேண்டும். 1924இல் அந்தப் பட்டியலை வெளியிட்டவர்கள் இருவர். ஒருவர் வில்லியம் ஆஸ்ட்பரி. மற்றவர் 21 வயது கேத்லீன் யார்ட்லி.

1903இல் அயர்லாந்தின் நியூபிரிட்ஜில் பத்துப் பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தவர் கேத்லீன். பின்னர் குடும்பம் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தது. அவர் படித்த பெண்கள் பள்ளியில் இயற்பியல் வகுப்பு இல்லாததால், அதற்காக ஆண்கள் பள்ளிக்குப் போய்ப் படித்தார். 1922இல் லண்டன் பல்கலைக்கழகப் பட்டத் தேர்வில் முதலிடம் பெற்றார். தேர்வாளர்களில் ஒருவராக இருந்த மூத்த பிராக் அவரைத் தன் ஆய்வுக் குழுவுக்கு அழைத்துக்கொண்டார்.

1927இல் தாமஸ் லான்ஸ்டேலை மணந்து கேத்லீன் லான்ஸ்டேல் ஆனார். திருமணத்தோடு ஆராய்ச்சியை விட்டுவிடலாமா என்று யோசித்தபோது, இலவச வீட்டு வேலைக்காரி கிடைப்பதற்காக நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று தாமஸ் சொன்னதாகச் சொல்வார்கள். 1929இல் பென்சீன் வளையம் தட்டையானது என்று எக்ஸ் கதிர் வழியே நிறுவிய ஆய்வு வெளிவந்தது. அதே ஆண்டு முதல் குழந்தை. 1931இல் இரண்டாவது, 1934இல் மூன்றாவது. ஆய்வகத்துக்குப் போக முடியாத நாள்களில், எக்ஸ் கதிர்க் கருவி தேவைப்படாத ஒரு வேலையை வீட்டிலேயே எடுத்துக்கொண்டார்: 230 வகைகள் ஒவ்வொன்றுக்குமான கணக்கீட்டுச் சூத்திரங்களைக் கையால் வருவித்தல். வீட்டு உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ள பிராக் நிதி ஏற்பாடு செய்து கொடுத்தார். 1936இல் அது புத்தகமாக வந்தபோது, அச்சுக் கோக்காமல் அவருடைய கையெழுத்தையே படமெடுத்து அச்சிட்டார்கள்.

இன்றைக்கு ஒரு பெண்ணின் வேலை விண்ணப்பத்தில் 'இந்த இடைவெளிக்குக் காரணம் என்ன' என்று கேட்கப்படும் ஆண்டுகள் அவை. அந்த ஆண்டுகளில் எழுதப்பட்ட கையெழுத்துப் பக்கங்களின் வழித்தோன்றல்தான் இப்போது மென்பொருளுக்குள் இருக்கிறது. பின்னாளில் உலகப் படிகவியலாளர்கள் அனைவருக்குமான சர்வதேச அட்டவணைகளின் பதிப்பாசிரியரானார். 1952இல் வந்த முதல் தொகுதியில் அவர் பெயர் இருக்கிறது. நாம் 227 என்று தட்டச்சு செய்யும்போது, ஒரு கரிம அணுவை எட்டாகப் பெருக்கித் தருவது அந்த அட்டவணை மரபு.

3.567 என்ற நீளத்திலும் அவருக்குப் பங்குண்டு. 1940களில் விரிகற்றை எக்ஸ் கதிர்கள் என்ற முறையை வளர்த்தெடுத்து, வைரத்தில் கரிம அணுக்களுக்கு இடையிலான தொலைவை மிகத் துல்லியமாக அளந்தார். வைரத்துக்கு வைரம் அந்த அளவில் இம்மியளவு வேறுபாடு இருப்பதையும் அந்த முறையால் காண முடிந்தது.

லான்ஸ்டேலுக்கு அங்கீகாரம் கிடைத்தது உண்மை. 1945இல் லண்டன் ராயல் சொசைட்டி முதன்முறையாகப் பெண்களை உறுப்பினராக்கியபோது, மார்ஜரி ஸ்டீஃபன்சனோடு அவரும் தேர்ந்தெடுக்கப்பட்டார். ராயல் சொசைட்டிக்கு அப்போது வயது 285. ஒரு பெண்ணின் திறமை வெளிச்சத்துக்கு வர இணங்கிய கணவர், நிதி தேடித் தந்த மேலாளர், கையெழுத்தையே அச்சிடத் தயாரான பதிப்பாளர் என்று இத்தனை பேர் ஒருசேரத் தேவைப்பட்டார்கள். திருமணமான பெண் விஞ்ஞானியாக வேண்டுமானால் சரியான கணவர் அமைய வேண்டும் என்று அவரே பின்னர் எழுதினார். அதைப் பாராட்டாகப் படிப்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒரு புகார் மனுவாகத்தான் தெரிகிறது.

எல்லையில் நின்ற கணக்கு

அடுத்தது அடுக்குதல். ஒரு காரட் வைரத்தில் ஏறத்தாழ 1க்குப் பின் 22 சுழியங்கள் போட்ட அளவுக்கு அணுக்கள் இருக்கின்றன. கணினியில் ஆயிரம் அணுக்களைக் கட்டினால், அவற்றில் கணிசமானவை பெட்டியின் ஓரத்தில், அண்டை அணு இல்லாமல் தொங்கிக்கொண்டிருக்கும். உண்மையான வைரத்தின் உட்புறம் அப்படி இருக்காது. இதற்கு ஒரு தந்திரம் உண்டு. பெட்டியின் வலது ஓரத்து அணுவுக்கு இடது ஓரத்து அணுவை அண்டை வீட்டுக்காரராக்கிவிடுவது. மேலுக்குக் கீழ், முன்னுக்குப் பின். இப்படிச் செய்தால் எந்த அணுவும் ஓரத்தில் இருக்காது. 1912இல் மேக்ஸ் போர்னும் தியோடர் ஃபான் கார்மானும் காகிதக் கணக்குக்காக முன்வைத்த எல்லை நிபந்தனை இது. இன்றைய படிக சிமுலேஷன்களில் பெரும்பாலானவை இதன்மேல்தான் நிற்கின்றன.

இந்த நிபந்தனையை சி.வி. ராமன் ஏற்கவில்லை. 1940களில் பெங்களூரில் இருந்தபடி அவர் ஒரு மாற்றுக் கோட்பாட்டை முன்வைத்தார். படிகத்தில் அடுத்தடுத்த கூடுகள் ஒரே போக்கில் அதிரலாம், அல்லது எதிரெதிர்ப் போக்கில் அதிரலாம். ஆகவே வைரத்தில் தனித்த எட்டு அதிர்வெண்கள் மட்டுமே இருக்க முடியும் என்றார். எடின்பரோவில் இருந்த போர்ன், அதிர்வெண்கள் தொடர்ச்சியாகப் பரவியிருக்கும் என்றார். ராமனின் ஆய்வகத்தில் ஆர்.எஸ். கிருஷ்ணன் வைரத்தின் நிறமாலையை மிக நுட்பமாகப் பதிவுசெய்தபோது, அதில் கூர்மையான முகடுகள் தெரிந்தன. அவை தன் தனித்த அதிர்வெண்களுக்குச் சாட்சி என்றார் ராமன். அறிவியல் வரலாற்றில் இது 'போர்ன்–ராமன் சர்ச்சை'. நோபல் பரிசு பெற்ற ஒருவரும் பிற்பாடு பெறப்போகும் ஒருவரும் மோதிக்கொண்ட கதை.

சர்ச்சைக்குத் தேவைப்பட்டது ஒரு கணக்கு. போர்னின் கோட்பாடு சரியென்றால் வைரத்தின் நிறமாலை எப்படி இருக்கும் என்று எண் எண்ணாகக் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். அதைச் செய்தவர் போர்னிடம் ஆய்வு செய்த ஹெலன் ஸ்மித். 1948இல் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் அவருடைய பெயரில் மட்டும் வெளிவந்த கட்டுரை, வைர அணிக்கோவையின் அதிர்வுகளையும் ராமன் நிறமாலையையும் பற்றியது. நாற்பது பக்கம். கூட்டின் அடிப்படை அணுக்கள் இரண்டு. ஒவ்வொன்றும் மூன்று திசைகளில் அசையலாம். ஆக, படிகத்தில் ஓடக்கூடிய ஒவ்வொரு அலைக்கும் ஆறுக்கு ஆறு அணி ஒன்றைத் தீர்க்க வேண்டும். பக்கத்து அணுக்களின் விசையையும் அதற்கடுத்த அணுக்களின் விசையையும் சேர்த்துக்கொண்டு, பல அலைகளுக்கு இதைச் செய்து, எந்த அதிர்வெண்ணில் எத்தனை அதிர்வுகள் குவிகின்றன என்று எண்ணினார் ஸ்மித்.

அதிர்வெண்கள் தொடர்ச்சியாகத்தான் பரவியிருந்தன. ஆனால் சில இடங்களில் அதிகமாகக் குவிந்து முகடுகளை உண்டாக்கின. அதாவது கிருஷ்ணன் கண்ட முகடுகளும் உண்மை, போர்னின் தொடர்ச்சியும் உண்மை. முகடு தெரிந்துவிட்டது என்பதற்காகத் தனித்த அதிர்வெண்கள் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. 1960களில் நியூட்ரான்களைக் கொண்டு வைரத்தின் அதிர்வுகளை நேரடியாக அளந்தபோது தொடர்ச்சி உறுதியாயிற்று.

சிமுலேஷன் செய்கிறவர்களுக்கு இதில் ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது. அடிப்படைக் கூடுகளை இரண்டிரண்டாக மூன்று திசைகளிலும் அடுக்கி, ஓரங்களை ஒட்டிவைத்தால் 16 அணுக்கள் கொண்ட ஒரு குட்டிப் பெட்டி கிடைக்கும். அதற்குள் எட்டு அலைகளுக்கு மட்டுமே இடமுண்டு. சமச்சீரால் ஒன்றானவற்றைச் சேர்த்து எண்ணினால், கிடைப்பவை ராமன் சொன்ன அதே எட்டு அதிர்வெண்கள். ராமனின் கோட்பாடு முழு வைரத்தையும் ஒரு குட்டிப் பெட்டியாகப் பார்த்தது. பெட்டி சிறிதானால் உலகமும் சிறிதாகவே தெரியும் என்று இன்று முதலாண்டு ஆய்வு மாணவிக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அதை நாற்பது பக்கங்களில் கணக்கிட்டுக் காட்டியவரின் பெயரைச் சொல்லிக்கொடுப்பதில்லை. சர்ச்சையின் பெயரில் இரண்டு ஆண்களும் அப்படியே இருக்கிறார்கள்.

பெங்களூரின் முப்பது வைரங்கள்

சர்ச்சையின் மறுபக்கத்தில், ராமனின் ஆய்வகத்திலும் ஒரு பெண் வைரங்களோடு இருந்தார். அன்னா மாணி. 1918இல் திருவிதாங்கூரின் பீர்மேட்டில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் முடித்து, 1940இல் உதவித்தொகையுடன் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் போனார்.

அந்தக் கழகத்தின் கதவு பெண்களுக்குத் தானாகத் திறக்கவில்லை. 1933இல் கமலா பாக்வத் என்ற மாணவி, பின்னாளின் கமலா சொஹோனி, பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் முதலிடம் பெற்று விண்ணப்பித்தபோது, பெண் என்பதற்காகவே அவரை மறுத்தவர் அன்றைய இயக்குநர் ராமன்தான். கமலா விடவில்லை. இறுதியில் ஓராண்டு சோதனைக் காலம் உள்ளிட்ட நிபந்தனைகளோடு சேர்த்துக்கொள்ளப்பட்டார். அந்தப் பாதையில்தான் பின்னால் வந்த பெண்கள் நடந்தார்கள்.

ராமன் வைரங்களைத் தேடித்தேடிச் சேர்த்துக்கொண்டிருந்த காலம் அது. அன்னா மாணி முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களின் ஒளிர்வையும் நிறமாலையையும் பதிவுசெய்தார். வைரத்தைத் திரவக் காற்றின் குளிருக்குக் கொண்டுபோக வேண்டும். அது வெளிவிடும் மங்கிய ஒளி புகைப்படத் தகட்டில் பதிய 15 முதல் 20 மணி நேரம் காத்திருக்க வேண்டும். பல இரவுகள் ஆய்வகத்திலேயே தூங்கினார். 1942க்கும் 1945க்கும் இடையில் ஐந்து கட்டுரைகளை வெளியிட்டு, 1945 ஆகஸ்டில் முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அளித்தார். அன்றைக்கு அந்தக் கழகத்தில் நடந்த ஆய்வுகளுக்குப் பட்டம் வழங்கியது அந்தப் பல்கலைக்கழகம்தான்.

முதுநிலைப் பட்டம் இல்லை என்று சொல்லிப் பட்டம் மறுக்கப்பட்டது. அவரிடம் இருந்தது ஆனர்ஸ் பட்டமும், ஆய்வு செய்யத் தகுதியானவர் என்று கழகமே கொடுத்த உதவித்தொகையும். அதே ஆய்வகத்தில் ஒளிச்சிதறலில் ஆய்வு செய்த சுனந்தா பாய்க்கும் முனைவர் பட்டம் கிடைக்கவில்லை. அன்னா மாணியின் ஆய்வேடு இன்று பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலைய நூலகத்தில் மற்ற ஆய்வேடுகளோடு இருக்கிறது. பார்த்தால் எது பட்டம் பெற்றது, எது பெறாதது என்று தெரியாது.

அவர் அழுதுகொண்டு உட்காரவில்லை. 1945இலேயே இங்கிலாந்துக்குப் போய் வானிலைக் கருவிகள் பற்றிப் படித்தார். 1948இல் திரும்பி இந்திய வானிலை ஆய்வுத் துறையில் சேர்ந்து, நாட்டின் வானிலைக் கருவிகளை இங்கேயே தயாரிக்க வழிசெய்தவர்களில் முதன்மையானவரானார். ராமனின் ஆய்வகத்துப் பெண்களைப் பற்றி விரிவாக எழுதிய வரலாற்றாசிரியர் அபா சூர் அவரைச் சந்தித்துப் பேசியபோது, பெண், இயற்பியல் என்று இப்படி ஏன் பெரிதுபடுத்துகிறீர்கள் என்ற தொனியில்தான் அன்னா மாணி பதில் சொன்னார். தன்னைப் பாதிக்கப்பட்டவராகப் பார்க்க அவர் மறுத்தார். அந்த மறுப்பை நாம் மதிக்க வேண்டும். அதே சமயம், அவர் புகார் சொல்லவில்லை என்பது பல்கலைக்கழகத்தின் விதியை நியாயமாக்கிவிடாது. விதி விதிதான் என்று சொல்கிறவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: எழுதப்பட்ட ஆய்வேட்டைப் படித்துவிட்டு, அதன் தகுதியைப் பேசாமல், எழுதியவரின் பழைய சான்றிதழைத் தேடும் வழக்கம் யாரைக் காக்க உருவானது?

இயந்திரத்துக்கு மொழி சொன்னவர்கள்

கைக்கணக்கு இயந்திரத்துக்கு மாறிய இடம் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ். ஹைட்ரஜன் குண்டுக் கணக்குகளுக்காகக் கட்டப்பட்ட மேனியாக் என்ற கணினி 1952இல் இயங்கத் தொடங்கியது. குண்டுக் கணக்கின் இடைவேளைகளில் இயற்பியலாளர்கள் அதை வேறு கேள்விகளுக்கும் பயன்படுத்தினார்கள்.

1953இல் வந்த ஒரு கட்டுரை, 224 வட்டத் தகடுகளை ஒரு சதுரப் பெட்டியில் ஒழுங்காக அடுக்கி, ஓரங்களை ஒட்டிவைத்து, அவற்றைத் தற்செயலாக நகர்த்தி நகர்த்தி ஒரு பொருளின் பண்புகளைக் கணக்கிட்டது. இன்று அறிவியலின் எல்லாத் துறைகளிலும் பயன்படும் முறை அது. அதன் பெயர் 'மெட்ரோபொலிஸ் முறை'. கட்டுரையில் ஐந்து பெயர்கள் இருக்கின்றன, இரண்டு பெண்களுடையவை. அகஸ்டா டெல்லர் தொடக்கத்தில் நிரலில் வேலை செய்தார். இயந்திரத்தில் ஓடிய நிரலை முழுக்க எழுதியவர் அரியானா ரோசன்புளூத். 21 வயதில் ஹார்வர்டில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். பின்னர் குழந்தைகளை வளர்ப்பதற்காக ஆராய்ச்சியை விட்டார். 2020 டிசம்பரில் கொரோனாவால் இறந்தபோதுதான் பலர் அவர் பெயரை முதன்முதலாகப் படித்தார்கள்.

அதே இயந்திரத்தில், அதே ஆண்டுகளில், இன்னொரு கணக்கு. என்ரிகோ ஃபெர்மி, ஜான் பாஸ்டா, ஸ்டானிஸ்லாவ் உலாம் மூவரும் மிக எளிய படிகம் ஒன்றைக் கற்பனை செய்தார்கள்: ஒரே கோட்டில் அணுக்கள், இடையிடையே விற்சுருள்கள். 16, 32, 64 என்று புள்ளிகள். விற்சுருள்களில் சிறு கோணல். ஒரு வகை அசைவில் ஆற்றலைக் கொடுத்தால் அது மெல்ல எல்லா அசைவுகளுக்கும் பரவிவிடும் என்று எதிர்பார்த்தார்கள். பரவிய ஆற்றல் ஏறக்குறைய முழுவதும் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்தது. அந்த வியப்பிலிருந்து சாலிட்டான் அலைகள், ஒழுங்கின்மைக் கோட்பாடு என்று புதிய துறைகள் கிளைத்தன.

1955ஆம் ஆண்டு அறிக்கையின் முகப்பில் 'எழுதியவர்கள்' என்று மூன்று பெயர்கள். 'பணி செய்தவர்கள்' என்று நான்கு. நான்காவது பெயர் மேரி சிங்கு. உள்ளே, நிரல் எழுதி இயந்திரத்தில் ஓட்டியதற்காக அவருக்கு ஒரு நன்றி. கிரேக்கக் குடியேறிகளின் வழிவந்த குடும்பத்தில் 1928இல் பிறந்து, கணிதம் படித்து, 1952இல் லாஸ் அலமாஸில் சேர்ந்தவர் அவர். நிரல்மொழிகள் இல்லாத காலத்தில், ஒரு படிகத்தின் அசைவை இயந்திரத்துக்குப் புரியும் கட்டளைகளாக உடைத்தவர். அரை நூற்றாண்டுக்கும் மேலாக உலகம் அதை ஃபெர்மி–பாஸ்டா–உலாம் கணக்கு என்றே அழைத்தது. 2008இல் பிரெஞ்சு இயற்பியலாளர் தியரி டோக்ஸுவா, சிங்குவின் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று எழுதினார். இப்போது பல கட்டுரைகளில் நான்கு பெயர்களும் வருகின்றன.

கலிபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வகத்தில் பெர்னி ஆல்டரும் தாமஸ் வெயின்ரைட்டும் அணுக்களின் இயக்கத்தையே படிப்படியாகப் பின்தொடரும் முறையை உருவாக்கினார்கள். 1957 கட்டுரையில் அவர்கள் பெட்டியில் வைத்த கோளங்கள் 32, 108. ஏன் இந்த எண்கள்? ஒரு கூட்டுக்கு நான்கு என்ற அணிக்கோவையை இரண்டிரண்டாக அடுக்கினால் 32, மும்மூன்றாக அடுக்கினால் 108. அந்தக் குழுவின் நிரல்களைப் பல பத்தாண்டுகள் எழுதியவர் மேரி ஆன் மேன்சி. கட்டுரை கட்டுரையாக அவருக்கு நன்றி சொல்லப்பட்டது. நிரலெழுதுகிறவரை ஆசிரியராகச் சேர்க்கும் வழக்கம் அப்போது இல்லை என்பதே விளக்கம். வழக்கம் என்பது யாரோ சிலர் எடுத்து, மற்றவர்கள் கேள்வி கேட்காமல் விட்ட முடிவு.

இந்தப் பெண்களை வெறும் பாதிக்கப்பட்டவர்களாக எழுதிவிட்டால் இன்னொரு உண்மை மறைந்துபோகும். அந்த ஆய்வகங்கள் ஆயுதத்துக்காக இருந்தன. அங்கே வேலை செய்த பெண்களின் உழைப்பும் அதிலிருந்து முற்றிலும் விலகி நிற்கவில்லை. இதே கதையில் லான்ஸ்டேல் வேறொரு வழியைக் காட்டுகிறார். இரண்டாம் உலகப் போரின்போது குடிமக்கள் பாதுகாப்புப் பணிக்குப் பெயர் பதிய வேண்டும் என்று சட்டம் வந்தது. மூன்று சிறு குழந்தைகளின் தாய் என்பதால் பெயர் பதிந்திருந்தால் அவருக்கு விலக்கு கிடைத்திருக்கும். போருக்காகப் பெயர் பதியவே மாட்டேன் என்றார். இரண்டு பவுண்டு அபராதத்தையும் கட்டவில்லை. 1943இல் ஹாலோவே சிறையில் ஒரு மாதம் இருந்தார். இரண்டே ஆண்டுகளில் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1957இல், ஆல்டர் கோளங்களை அடுக்கிய அதே ஆண்டில், அமைதி சாத்தியமா என்று கேட்டுப் புத்தகம் எழுதினார்.

நன்றியுரையிலிருந்து தலைப்புக்கு

வைர அணிக்கோவையை வைத்து அணுக்களை அசைத்துப் பார்க்கும் சிமுலேஷன்கள் 1980களில் பெருகின. சிலிக்கானும் 227தான், வைரத்தின் அதே அமைப்பு, கூடு மட்டும் பெரிது. 1985இல் ஸ்டில்லிங்கரும் வெபரும் சிலிக்கானுக்காக உருவாக்கிய விசை வாய்பாட்டை 216 அணுக்களை வைத்துச் சோதித்தார்கள். மும்மூன்றாக அடுக்கிய எட்டு. நம் கைபேசியின் சில்லு முதல் வைரப் பூச்சு பூசிய வெட்டுக் கருவி வரை, இந்தக் கணக்குகள் தொடாத இடமில்லை.

இந்த நீண்ட வரிசையில் ஒரே செயல் திரும்பத் திரும்ப வருகிறது. ஒருவர் கோட்பாடு சொல்கிறார். இன்னொருவர் அதை எண்ணாக்குகிறார். எண்ணாக்கும்போதுதான் கோட்பாடு எங்கே தவறுகிறது என்று தெரிகிறது. ஸ்மித் கணக்கிட்டிருக்காவிட்டால் முகடுகளின் பொருள் விளங்கியிருக்காது. சிங்கு இயந்திரத்தை ஓட்டியிருக்காவிட்டால் ஆற்றல் திரும்பி வருவதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கணக்கிடுதலே கண்டுபிடிப்பின் இடம். ஆனாலும் அது பெண்கள் கைக்குப் போனதும் பொறுமையான வேலை, நுணுக்கமான வேலை, உதவி வேலை என்று பெயர் மாறியது. சமைப்பவர் ஆணானால் நிபுணர், பெண்ணானால் கடமை என்று நம் வீடுகளில் நடக்கும் அதே கணக்கு.

ஆகவே ஒரு ஆய்வுக் கட்டுரை கைக்கு வந்தால் நான் நன்றியுரையை முதலில் படிக்கிறேன். யார் நிரல் எழுதினார், யார் தரவைச் சரிபார்த்தார், யார் இரவு முழுக்கக் கருவியோடு இருந்தார் என்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பெயர்களில் எத்தனை தலைப்புக்குக் கீழே வந்திருக்க வேண்டியவை என்று கேட்டுப் பழகுவது, இன்று ஆய்வகங்களில் இருக்கும் பெண்களுக்காக நாம் செய்யக்கூடிய சிறிய வேலை.

1967இல் ஒரு புதிய கனிமத்துக்குப் பெயர் வைத்தார்கள். விண்கல்லில் கிடைத்தது. அதிலும் கரிமம்தான், ஒவ்வொரு அணுவுக்கும் நான்கு அண்டை அணுக்கள்தான். அடுக்குகளின் வரிசை மட்டும் மாறி, கனசதுரத்துக்குப் பதில் அறுகோணமாக அமைந்த வைரம். லான்ஸ்டேலைட் என்று பெயர். கிடைப்பது மிகக் கொஞ்சம், அதுவும் மற்றவற்றோடு கலந்து கிடக்கிறது, எனக்குப் பொருத்தமான பெயர்தான் என்று கேத்லீன் லான்ஸ்டேல் வேடிக்கையாகச் சொன்னார். அட்டவணையில் அதன் எண் 194. மென்பொருளில் 227ஐ அழித்துவிட்டு 194 என்று போட்டு, நீளங்களையும் அணுவின் இடத்தையும் அதற்கேற்ப மாற்றினால், நான்கு அணுக்கள் கொண்ட கூடு ஒன்று திரையில் வரும். அதையும் மும்மூன்றாக அடுக்கலாம். 108 அணுக்கள்.